ஜர்னல்ல 'அசிஸ்டன்ட் எடிட்டர்' போஸ்ட் குடுக்கறாங்க, எடுத்துக்கலாமா?

கோத்தகிரி_டாக்டரம்மா

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் வேலை பாக்கறேன், கம்யூனிட்டி மெடிசின். 6 வருஷமா ஒரு சொசைட்டி ஜர்னலுக்கு (டாக்டர்கள் சங்கம் நடத்தற ஆராய்ச்சிப் பத்திரிகை) ரெவ்யூ பண்ணிக் குடுத்துட்டு வர்றேன், அதாவது வர்ற ஆராய்ச்சிப் பேப்பர படிச்சு கருத்து எழுதறது. ஜர்னல் பேர் வேண்டாம். காசு கிடையாது, அது தெரிஞ்சுதான் பண்றேன், பசங்க தூங்கினப்புறம் லேப்டாப்ப தொறந்தா நெட் இருந்தா பேப்பர், மழையில நெட் போயிருந்தா தூக்கம், அவ்ளோதான்.

போன வாரம் அங்கிருந்து போன். "டீம்ல லேடீஸ் கம்மின்னு பேச்சு வருது மேடம், நீங்க அசிஸ்டன்ட் எடிட்டரா வாங்க"ன்னாங்க. சந்தோஷமாதான் இருந்துச்சு. அப்புறம் வேலை என்னன்னு கேட்டேன் பாருங்க, அங்கதான் தப்பு பண்ணிட்டேன். ரெவ்யூவருங்களுக்கு ரிமைண்டர் போடணும், ரெஃபரன்ஸ்ல கமா புள்ளி சரி பாக்கணும், ப்ரூஃப் (அச்சுக்கு முன்னாடி வர்ற பிரதி) படிக்கணும். பேப்பர எடுக்கறதா வேண்டாமான்னு யார் முடிவு பண்றதுன்னு கேட்டா "அத சீஃபும் செக்ஷன் எடிட்டர்ஸும் பாத்துப்பாங்க மேடம்." செக்ஷன் எடிட்டர் (ஒவ்வொரு பிரிவு பேப்பருக்கும் பொறுப்பா இருக்கறவங்க) லிஸ்ட்ட எடுத்துப் பாத்தேன், அத்தன பேரும் சார்தான்.

ரெவ்யூ கேட்டு எனக்கு வர்ற மெயில்கூட 6 வருஷமா 'டியர் சார்'னுதான் ஆரம்பிக்குது, நானும் திருத்தி திருத்தி விட்டுட்டேன்.

வீட்டுக்காரர் வர்றத வேண்டாம்னு சொல்லாதங்கறார். பேட்ச்மேட் ஒருத்தி "குரூப் போட்டோவுல நிக்க ஆள் தேடறாங்கடி, போகாத"ங்கறா. ஜர்னல் வேலை உள்ள இருந்து பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

தொட்டபெட்டா_குளிர்

மேடம் கோவிச்சுக்காதீங்க, பேப்பர் நல்லா இருந்தா வரப்போகுது, இல்லனா போகப்போகுது, இதுல எடிட்டர் ஆம்பளையா பொம்பளையான்னு என்ன இருக்கு? ரெவ்யூவே பேர மறைச்சுதான நடக்குது. இப்ப எம்பிபிஎஸ் கிளாஸ்ல பாதிக்கு மேல பொண்ணுங்கதான், ஊட்டி காலேஜ்ல போய் பாருங்க தெரியும். இன்னும் 10, 15 வருஷத்துல அதுவா சரியாயிடும். போஸ்ட எடுத்துக்கோங்க, சிவில போட்டுக்கலாம்.

பழைய_ப்ரூஃப்ரீடர்

நான் டாக்டர் இல்ல. சென்னையில ஒரு ஜர்னல் ஆபீஸ்ல 11 வருஷம் ப்ரூஃப் பாத்தேன், இப்ப ரிட்டயர் ஆகி குன்னூர்ல இருக்கேன், அதனால கொஞ்சம் உள்விவகாரம் சொல்ல முடியும்.

குளிர் தம்பி சொல்றாப்ல ரெவ்யூவருக்கு பேர் தெரியாது, எல்லா ஜர்னல்லயும் இல்ல, ஆனா நிறைய இடத்துல அப்படித்தான். எடிட்டருக்கு எல்லாம் தெரியும்பா. பேப்பர் வந்த உடனே எடுத்த எடுப்புல திருப்பி அனுப்பறது இருக்கே, டெஸ்க் ரிஜெக்ட்டுன்னு சொல்வாங்க, பெரிய ஜர்னல்கள்ல முக்கால்வாசி பேப்பர் ரெவ்யூவர் கண்ணுலயே படாம அங்கதான் போகுது. யார்கிட்ட ரெவ்யூவுக்கு அனுப்பறது, ரெண்டு ரெவ்யூவர் முட்டிக்கிட்டா யார் பேச்ச கேக்கறது, தலையங்கம் எழுத யார கூப்பிடறது, எல்லாம் அந்த ஒரு ஆள் கையில. என் வேலை கமா புள்ளி. மேடத்துக்கு இப்ப குடுக்கறது என் வேலை! (தப்பா எடுத்துக்காதீங்க, அதுவும் மரியாதையான வேலைதான், ஆனா எனக்கு சம்பளம் குடுத்தாங்க.)

எடிட்டர் எப்படி வர்றாங்கன்னா, நம்ம ஊர் சொசைட்டி ஜர்னல்கள்ல நிறைய இடத்துல வருஷாந்திர கான்ஃபரன்ஸ்ல எலெக்ஷன் வச்சு ஓட்டு போட்டுத்தான். ஓட்டுக்கு முன்னாடி ஹோட்டல்ல டின்னர் நடக்கும், நாங்க ஸ்டால் போட்டு உக்காந்திருப்போம், அடுத்த வருஷ லிஸ்ட்டு பாதி அங்கயே முடிவாயிடும். ராத்திரி 10 மணி டின்னருக்கு உக்காந்து பேசறவங்க யாரு, பசங்களுக்கு காய்ச்சல்னு ரூமுக்கு போறவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். இத யாரும் சதின்னு செய்யல. பழகினவங்க பேர்தான் வாயில வருது, அவ்ளோதான் விஷயம்.

அதுவா சரியாயிடும்னா, உலகத்துல பெரிய மெடிக்கல் ஜர்னல்களையே பாருங்க. அமெரிக்காவோட ஜாமா 1883ல ஆரம்பிச்சது, முதல் பெண் தலைமை எடிட்டர் கேத்தரின் டிஏஞ்சலிஸ் வந்தது 2000ல. இங்கிலாந்தோட பிஎம்ஜே 1840, முதல் பெண் ஃபியோனா காட்லி வந்தது 2005. அங்கயே லான்செட் 1823ல இருந்து வருது, முதல் 200 வருஷத்துல ஒரு பெண் கூட அந்த நாற்காலில உக்காரல, 1995ல வந்ததும் ரிச்சர்ட் ஹார்ட்டன்தான். அதே லான்செட்தான் 2019ல பெண் விஞ்ஞானிகளுக்குன்னு ஒரு தனி இதழே போட்டுச்சு, அது வேற கதை. 2021ல ஜாமா நெட்வொர்க் ஓப்பன்ல (ஜாமா குடும்பத்து இன்னொரு ஜர்னல்) ஒரு கணக்கு வந்துச்சு, ஒவ்வொரு பிரிவுலயும் முன்னணி 10 ஜர்னல எடுத்து எண்ணினாங்க, தலைமை எடிட்டர்ல பெண்கள் 21 சதவீதம், சில பிரிவுல ஒருத்தர்கூட இல்ல. பொண்ணுங்க மெடிக்கல் படிக்க வந்து எவ்ளோ காலம் ஆச்சு தம்பி? முத்துலட்சுமி ரெட்டி சென்னையில பட்டம் வாங்கினது 1912.

சிம்ஸ்பார்க்_வாக்கர்

கண்ணு, நான் 70 தாண்டின கைனக் (பெண்கள் நல டாக்டர்). குன்னூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் எங்கன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும், லூசி வில்ஸ் யாருன்னா தெரியாது. 1929ல அந்தம்மா அங்க கொஞ்ச மாசம் ஆராய்ச்சி பண்ணினாங்க. பம்பாய் மில்லுல வேலை பாத்த கர்ப்பிணிங்களுக்கு ஏன் ரத்தம் சுண்டிப் போகுதுன்னு பாக்க இந்தியா வந்தவங்க, அவங்கள வரச் சொன்னது மார்கரெட் பால்ஃபோர்னு இன்னொரு பெண் டாக்டர். ஈஸ்ட் சாறு குடுத்தா ரத்தம் ஏறுதுன்னு கண்டுபிடிச்சு 1931ல பிஎம்ஜேல போட்டாங்க. அந்த சத்துதான் பின்னாடி ஃபோலிக் ஆசிட்டுன்னு ஆச்சு, பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரைன்னு குடுக்கறாங்களே, அதுல இருக்கு.

அந்த பேப்பர போட்டது ஆம்பள எடிட்டர்தான், அதையும் சொல்லணும்ல. ஆனா மில்லுல வேலை பாக்கற கர்ப்பிணி கேள்விய கேள்வின்னு நெனச்சு ஆள கூப்பிட்டது யாரு? இந்த இடத்துலதான் எனக்கு உறுத்தும். பழங்குடி ஊர்ல சிக்கில் செல் (பரம்பரையா வர்ற ரத்த நோய்) இருக்கற பொண்ணு மாசமா இருந்தா என்னென்ன ஆகுதுன்னு நீ பேப்பர் எழுதி அனுப்பினா, 'லோக்கல் இன்டரஸ்ட்'னு ஒரே வரில திருப்பி விடற ஆள் அந்த செக்ஷன் எடிட்டர்தான். எனக்கு ரெண்டு தடவ அப்படி வந்திருக்கு.

அதனால வேண்டாம்னும் சொல்லாத, சரின்னும் சொல்லாத. வருஷத்துக்கு இத்தன பேப்பர் என் கையில வரணும், எடுக்கறது விடறது நானே சிபாரிசு எழுதுவேன், ரெவ்யூவர நானே தேர்ந்தெடுப்பேன், பதவி எத்தன வருஷம், எல்லாத்தையும் மெயில்ல கேளு. போன்ல கேக்காத. போன்ல சொன்னது காத்தோட போயிடும்.

தொட்டபெட்டா_குளிர்

டெஸ்க் ரிஜெக்ட் விஷயம் தெரியாது சார், ஒத்துக்கறேன். ஆனாலும் லேடீஸ்ங்கறதுக்காக கூப்பிட்டா அது மேடத்துக்கே அவமானம் இல்லையா?

பழைய_ப்ரூஃப்ரீடர்

டிபார்ட்மென்ட் ஹெட்டோட ஸ்டூடன்ட்டுங்கறதுக்காக கூப்பிட்டப்ப யாருக்கும் அவமானம் ஆகலயே தம்பி, 11 வருஷம் பாத்தேன்.

கோத்தகிரி_டாக்டரம்மா

எல்லாருக்கும் நன்றி. சிம்ஸ்பார்க் அம்மா சொன்ன மாதிரியே மெயில் போட்டேன், செக்ஷன் எடிட்டர் வேலை, மாசம் 3 பேப்பர், 3 வருஷம்னு கேட்டு. கடைசில 'டியர் சார்'ஐ மாத்துங்கன்னும் ஒரு வரி. 4 நாள் கழிச்சு இன்னிக்கு பதில் வந்துச்சு, "டியர் மேடம், நல்ல யோசனை, கான்ஃபரன்ஸ் டின்னர்ல உக்காந்து பேசலாம்."

பழைய_ப்ரூஃப்ரீடர்

ஹாஹா. கான்ஃபரன்ஸ் எங்க மேடம்?

கோத்தகிரி_டாக்டரம்மா

மகாபலிபுரம். டின்னர் 9 மணிக்காம். சின்னவனுக்கு மறுநாள் பரீட்சை.

சிம்ஸ்பார்க்_வாக்கர்

போ கண்ணு. பையன குன்னூர்ல என்கிட்ட விட்டுட்டு போ, நான் படிக்க வைக்கறேன். கணக்குன்னா மட்டும் முன்னாடியே சொல்லிடு.