எய்க்ஹார்ன் முத்திரையுள்ள டிரெஸ் பயனெட்: பொறிப்பு அசலா? வாங்கலாமா?

கேள்வி: வடகரை

ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் ஒரு ஜெர்மன் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) பார்த்து வைத்திருக்கிறேன். அலகு 25 செ.மீ. முழுக்க நிக்கல் முலாம். பிடி கறுப்பு, கட்டம் போட்டது, 2 ரிவெட். உறை கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு, கூடவே அதை பெல்ட்டில் தொங்கவிடும் தோல் பட்டை (ஃப்ராக்). அலகின் வேரில், அதாவது பிடியை ஒட்டிய இடத்தில், அணில் முத்திரை. ஒரு பக்கம் ஓக் இலைகளுக்கு நடுவே "என் பணிக்காலத்தின் நினைவாக" என்று ஜெர்மனில் பொறிப்பு.

சண்டையில் பயன்பட்டது என்கிறார். பொறிப்பு இருப்பதால் சாதாரணத்தைவிட மூன்று மடங்கு விலை. துப்பாக்கிக் குழலில் மாட்டும் வளையம் இல்லை. அதை யாராவது அறுத்துவிட்டார்களா? பொறிப்பு பழையதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 1: இரும்புக்கடை

சண்டைக் கதையை விட்டுவிடுங்கள். இது படை கொடுத்த ஆயுதமே இல்லை. சிப்பாய்களும் கீழ்நிலை என்.சி.ஓ.க்களும் (ஹவில்தார் போன்றவர்கள்) லீவு நாளில் சீருடையோடு ஊருக்குள் போகும்போது இடுப்பில் தொங்கவிட, சொந்தக் காசில் வாங்கியது. வியாபாரிகள் கே.எஸ். 98 என்பார்கள். 20 செ.மீ., 25 செ.மீ. என இரண்டு அளவுதான் அதிகம் கண்ணில் படும். 1935 மார்ச்சில் கட்டாய ராணுவ சேவை திரும்ப வந்ததும் ஜெர்மனியின் கத்தித் தொழில் ஊரான சோலிங்கனின் பட்டறைகளுக்கு இதில் நல்ல வியாபாரம்.

வளையம் இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சண்டைக்குக் கொடுத்த 84/98 மாடல் பயனெட்டுக்கும் முழு வளையம் கிடையாது. மவுசர் துப்பாக்கியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையே அதைப் பிடித்துக்கொள்ளும். பார்க்க வேண்டியது பிடியின் முனையில் இருக்கும் வெட்டுப் பள்ளத்தை. டிரெஸ் மாடலில் அது பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும். பல துண்டுகளில் சிவப்பு ஃபெல்ட் திணித்திருப்பார்கள். பொத்தான் அழுந்தினாலும் துப்பாக்கியில் ஏறாது. 84/98-இல் வரிசை எண்ணும் ஆயுத ஆய்வு முத்திரையும் இருக்கும், முலாம் இருக்காது. உங்களுடையதில் எண் எதுவும் இல்லையென்றால் அதுதான் சரி.

இன்னொரு குழப்பமும் உண்டு. முதல் உலகப் போருக்கு முந்தைய நிஜ கே.எஸ். 98-இல் பிடியில் 9 ரிவெட், அச்சழுத்திய தோல் அல்லது ரப்பர் தகடு. அது அரசு கொடுத்த ஆயுதம், விலையும் வேறு.

முத்திரை, செய்த கம்பெனியைச் சொல்லும். அணில் என்றால் கார்ல் எய்க்ஹார்ன். தராசு என்றால் அல்கோசோ, இரண்டு நாரை என்றால் ராபர்ட் கிளாஸ், தெர்மாமீட்டர் என்றால் ஹொல்லர் (Höller). அணிலைப் பார்த்த உடனே மயங்க வேண்டாம். எய்க்ஹார்ன் போருக்குப் பின்னும் அதே அணிலைப் போட்டு விற்றது.

பதில் 2: லூப்_கண்ணன்

பொறிப்புதான் இங்கே காசு. 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) கொண்டுபோங்கள், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

அந்தக் காலத்தில் அமிலம் வைத்துதான் பொறித்தார்கள். எழுத்தையும் இலையையும் அமிலம் படாமல் மூடிவிட்டு, சுற்றியுள்ள பின்னணியை அரிக்க விடுவார்கள். அதனால் எழுத்து மேடாகப் பளபளவென்றும், பின்னணி பள்ளமாக, பொடிமணல் தூவியது போல மங்கலான சாம்பல் நிறமாகவும் நிற்கும். விரல்நகத்தால் மெல்ல வருடினாலே மேடு தட்டுப்படும். லேசரில் போட்டது தலைகீழ்: எழுத்துதான் பள்ளம், கறுத்திருக்கும். லூப்பில் ஒரே இடைவெளியில் ஓடும் நுண்கோடுகள் தெரியும்.

இதைவிட நம்பகமானது கீறல். உறையின் வாயில் உள்ள ஸ்பிரிங் பட்டைகள் அலகின் மேல் நெட்டுவாக்கில் மெல்லிய கோடு போடும். எண்பது தொண்ணூறு வருடத்துப் பொருளில் இல்லாமல் இருக்காது. அந்தக் கோடு மேடான எழுத்தின் தலையையும் சிராய்த்துக்கொண்டு போகிறதா? நல்லது. எழுத்து வந்த இடத்தில் கோடு வெட்டுப்பட்டு, மறுபக்கம் திரும்பத் தொடங்குகிறதா? அப்படியென்றால் கோடு முதலில் வந்தது, எழுத்து பிறகு வந்தது. வைத்துவிட்டு வாருங்கள்.

பிடித் தகட்டையும் பாருங்கள். முலாம் தேய்ந்து மழுங்கியிருக்க, கட்டத்தின் முனைகள் மட்டும் கூராக இருந்தால் தகடு மாற்றியது. ரிவெட்டைச் சுற்றி மயிரிழை வெடிப்பு சகஜம், பொருள் சுருங்குவதால் வருவது. ரிவெட் தலையில் சுத்தியல் அடி தெரிந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அலகும் கைக்காப்பும் சேரும் இடத்தில் தோல் அல்லது ஃபெல்ட் வாஷர் இருக்க வேண்டும். அது புத்தம் புதுசாக இருந்தாலும் யோசிக்க வேண்டியதுதான்.

உறைக்கு: ஃப்ராக்கை மெதுவாகக் கழற்றி, அது மறைத்திருந்த இடத்துப் பெயின்டைப் பாருங்கள். அசல் பெயின்ட் அங்கே மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக இருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி என்றால் மறுபடி அடித்தது. உறை நுனியில் இருக்கும் உருண்டைக்கு மேலே பெயின்ட் தடிப்பாக இருந்தால் அடியில் நசுங்கல் இருக்கும்.

வடகரை

நன்றி. வேரில் 'சோலிங்கன்' என்றும் இருக்கிறது, அது உதவுமா? முனைப்பக்கம் பழுப்புப் புள்ளிகள் நாலைந்து, ஒரு இடத்தில் முலாம் கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கிறது. அலகு உறைக்குள் இறுக்கமாகவும் போகிறது.

பதில் 3: இரும்புக்கடை

சோலிங்கன் என்ற பெயருக்கு 1938-லேயே சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது, ஆனால் நேற்று செய்த கத்தியிலும் அந்தப் பெயர் உண்டு. காலத்தைச் சொல்லாது.

கொப்புளத்தைத் தொடாதீர்கள். அடியில் இரும்பு துருப்பிடித்து உப்பி முலாமைத் தூக்குகிறது. குத்தினால் அந்த இடம் செதிலாகக் கழன்று வந்துவிடும். வினிகர், எலுமிச்சை, துருநீக்கி திரவம் எதுவும் வேண்டாம், ஊசித்துளை வழியாக உள்ளே இறங்கி நல்ல இடத்தையும் கிளப்பும். பிராஸோ போன்ற உலோகப் பாலிஷும் பஃப் சக்கரமும் பொறிப்பின் சாம்பல் பின்னணியைத் தின்றுவிடும், பாதி மதிப்பு அங்கேயே போச்சு.

பழுப்புப் புள்ளிக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய், ஒரு நாள் ஊற விடுங்கள். கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் புள்ளியை மட்டும் சுரண்டி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கறுப்புத் தடம் மிஞ்சினால் மிஞ்சட்டும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடைத்து, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மிக மெல்லிசாக ஒரு கோட். பிடித் தகட்டிலும் உறைப் பெயின்டிலும் ஆல்கஹால் படக் கூடாது.

இறுக்கத்துக்குக் காரணம் அனேகமாக வாய்ப்பக்க ஸ்பிரிங், இல்லையென்றால் உறையில் நசுங்கல். சொருகும்போது முதல் இரண்டு செ.மீ.யிலேயே பிடித்தால் ஸ்பிரிங், பாதியில் பிடித்தால் நசுங்கல். வாய்ப்பகுதியை ஒரு சின்னத் திருகுதான் பிடித்திருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்து, திருகுத் தலையின் வெட்டுக்குக் கச்சிதமான திருப்புளியால் மட்டும் திறங்கள். தலை வழுக்கினால் நிறுத்திவிடுங்கள், துளை போட்டு எடுக்கும் அளவுக்கு அது முக்கியமில்லை. தட்டிச் சொருகினால் புதுக் கீறல்தான் மிச்சம்.

ஃப்ராக்கைத் தனியாக வையுங்கள், தோல் ஈரத்தை இழுத்து உறையில் துருவை உண்டாக்கும். குஞ்சம் கட்டி விற்றால் அதற்குத் தனி விலை கொடுக்காதீர்கள். பட்டாலியனின் முதல் நான்கு கம்பெனிகளுக்கு வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வரிசை உண்டு, ஆனால் எந்தக் குஞ்சத்தையும் எந்த பயனெட்டிலும் கட்டலாம்.

பதில் 4: கீழக்கோட்டை

வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோகும் விதத்தில் கவனம். ஜெர்மனியில் 18 வயதானவர் வாங்கி வைத்திருக்கலாம், ஆனால் பொது இடத்தில் இடுப்பிலோ கைப்பையிலோ எடுத்துப் போகக் கூடாது. பூட்டிய பெட்டியில் வைத்து நேராக வீட்டுக்கு. பொறிப்பில் ஸ்வஸ்திகா இருந்தால் அதைப் பொதுவில் காட்டுவது அங்கே குற்றம், விற்பனைப் படங்களில் மறைத்திருப்பது அதனால்தான். இந்தியாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் லைசென்ஸ் விஷயத்தை விசாரியுங்கள். ஆயுத விதிகளின் அட்டவணையில் வாள், குத்துவாளோடு பயனெட்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள், மழுங்கல் அலகு என்று சொல்லிச் சுங்கத்தில் தப்ப முடியாது.