சிவப்பு ஒயினில் வாழைப்பழ வாசனை: காமே திராட்சை ஒயின் குடித்தவர்கள் சொல்லுங்கள்

மேலமாசிவீதிக்காரன்:
பிரான்ஸில் லியோனில் வேலை பார்த்தபோது நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வந்தால் ஆபீஸில் ஆளே இருக்காது, போஜொலே நூவோ திறக்கிற நாள், பக்கத்துப் போஜொலே பகுதியில் காமே திராட்சையில் போடுகிற அந்த வருஷத்துப் புது ஒயின், உங்களுக்குத் தெரியாததா. அதில் ஒரு பாட்டிலை மதுரைக்கு எடுத்து வந்தேன், 2 லிட்டர் வரைக்கும் சுங்கத்தில் வரி கிடையாதே. மொட்டை மாடியில் வைத்து மாமாவுக்கு ஊற்றினேன். பட்டாளத்தில் இருந்தவர், ரம்மைத் தவிர எதையும் மதிக்க மாட்டார். டம்ளரை மூக்குப் பக்கம் கொண்டுபோனவர் குடிக்காமல் அப்படியே நிறுத்தி, "என்ன மாப்ள, சிறுமலைப் பழ வாசம் அடிக்குது, வாழைப்பழத்தப் போட்டு ஊற வச்சிருக்கானா?" என்றார். அதுவரைக்கும் செர்ரி, ராஸ்பெர்ரி என்று அங்கே சொல்லிக்கொடுத்ததைத்தான் முகர்ந்துகொண்டிருந்தேன். அப்புறம் எனக்கும் வாழைப்பழம் மட்டும்தான் வருகிறது, இன்றைக்கு வரைக்கும். எசன்ஸ் ஏதாவது கலக்கிறார்களா?

சுருளிப்பட்டிப் பந்தல்:
எசன்ஸேதான். எங்கள் பன்னீர் திராட்சைக்கு அந்த வேலையே வேண்டாம், பந்தலுக்குக் கீழே போய் நின்றாலே மணக்கும். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

தேக்கடி போகிற வழியில் ஒரு பிரெஞ்சுப் பெரியவர் எங்கள் தோட்டத்தில் இறங்கினார். போஜொலே பக்கம்தான் ஊராம். ஒரு பழத்தைப் பிய்த்துத் தோலைப் பிதுக்கிச் சதையை வெயிலில் தூக்கிப் பார்த்தார். எங்கள் காமேயும் இப்படித்தான், தோல்தான் கறுப்பு, சாறு வெள்ளை என்று கூட வந்த டிரைவர் மூலமாகச் சொன்னார். அதோடு விட்டாரா, கல்தூணையும் கம்பியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவர் ஊரில் செடி இடுப்புக்குக் கீழேதானாம், குனிந்து குனிந்தே பறிப்பார்களாம். வருஷம் பூராவும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எங்கேயாவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கும் என்று நான் சொன்னதும் டிரைவரிடம் இன்னொரு தரம் கேட்கச் சொன்னார். நம்பவே இல்லை.

ஞானஒளிவுபுரம் ஜெ:
சுருளிப்பட்டி அண்ணே, தெரியாமல் எசன்ஸ் என்று அடித்துவிடாதீர்கள். எங்கள் அம்மாச்சி கிறிஸ்துமஸ் ஒயினுக்குப் பீங்கான் பரணியில் திராட்சை போடும்போது பாதியைத்தான் மசிப்பார், மீதியை முழுசாகவே விட்டுவிடுவார். ஒரு தடவை வடிகட்டுவதற்கு முன்னால் அடியில் கிடந்த முழுப் பழம் ஒன்றைத் திருட்டுத்தனமாக எடுத்து வாயில் போட்டேன். கடித்ததும் சோடா மாதிரி சுர்ரென்று நாக்கில் வெடித்தது. பழத்துக்குள்ளேயே சாராயம் ஊறியிருக்கிறது! போஜொலேயிலும் குலையைக் கையால் பறித்து, மசிக்காமல் அப்படியே தொட்டியில் கொட்டி மூடுகிறார்கள். மேலே இருக்கிற பாரத்தில் அடியில் உள்ளது நசுங்கி நுரைக்கும், அந்தக் கரியமில வாயு மேலே ஏறித் தொட்டியை நிரப்பும், மேலே உடையாமல் இருக்கிற பழங்கள் காற்றில்லாமல் உள்ளுக்குள்ளேயே புளிக்கும். வாழைப்பழ வாசனை இந்த முறையில் வருவது. பழுத்த வாழைப்பழத்தில் இருக்கிற அதே பொருள்தான், யாரும் ஊற்றவில்லை.

கூடல்நகர் சந்திரன்:
என் அனுபவம் சின்னது. நண்பர் வீட்டில் சித்திரை வெயிலில் அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றினார்கள், வெதுவெதுப்பாகக் கஷாயம் போல இருந்தது, பாதியில் வைத்துவிட்டேன்.

எல்லோருக்கும் சொல்கிறேன், அறை வெப்பநிலையில் பரிமாறு என்பது குளிர் நாட்டுக்காரன் சொன்னது, மதுரை அறைக்கு அல்ல. காமேயை 12, 14 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும், சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று கூச்சப்படாதீர்கள். நூவோவை அடுத்த கோடை வரைக்கும் பூட்டி வைக்காதீர்கள், அது அறுத்த வருஷமே குடித்து முடிக்கிற சரக்கு. வைத்துக் குடிக்க ஆசைப்படுகிறவர்கள் மோர்கான், மூலான் ஆ வான் என்று இடத்தின் பெயர் போட்டதை வாங்குங்கள், போஜொலேயில் அந்த மாதிரி தனிப்பெயர் போட்டுக்கொள்கிற இடங்கள் மொத்தம் 10. அதில் வாழைப்பழமும் அவ்வளவாக இருக்காது, ஆகவே காமே என்றாலே வாழைப்பழம் என்று முடிவு கட்ட வேண்டாம். கறி தோசைக்கு நன்றாகப் போகும், காரம் தூக்கலான சுக்காவோடு வேண்டாம். பரணியில் போட நினைக்கிற தங்கைக்கும் ஒரு வார்த்தை: தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் 1937-ல் வந்தது, இன்னும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவதும் ஊறவைப்பதும் குற்றம். காமேயே தடையைச் சந்தித்த பழம்தான், 1395-ல் பிரான்ஸின் பர்கண்டிப் பிரபு பிலிப், விசுவாசம் கெட்ட செடி என்று வெட்டி எறியச் சொன்னார்.

ஞானஒளிவுபுரம் ஜெ:
அம்மாச்சி போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகிறது சார். நான் பரணி போடப்போவதாக எங்கே எழுதினேன்?

சுருளிப்பட்டிப் பந்தல்:
சரி, எசன்ஸ் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நசுக்காமல் மூடி வைத்தாலே வாசனை வரும் என்றால் பன்னீரில் ஏன் யாரும் பெரிய அளவில் செய்து பார்க்கவில்லை? மழையில் வெடித்த பழத்தை வியாபாரி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஒயின் ஆலை வேண்டும் என்று நாங்கள் கேட்காத இடமில்லை. அந்த 1395 பிரபு மட்டும் இங்கே இருந்திருந்தால் எங்கள் பந்தலையும் பிரித்திருப்பார்.

கூடல்நகர் சந்திரன்:
வெடித்த பழம் இதற்கு ஆகாது. முழுப் பழம்தான் வேண்டும் என்று தங்கை எழுதியதை மறுபடி படியுங்கள்.