அடிமையா இருந்தவர் 10 வருஷத்துல எம்.பி. ஆனது எப்படி? (ஜான் ராய் லிஞ்ச், மிசிசிப்பி)

வரலாறுபித்தன்: அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அப்புறம் நடந்தத படிச்சிட்டு இருக்கேன். இந்த லிஞ்ச் 1863 வரைக்கும் அடிமை, 1869ல நாட்செஸ் ஊர்ல ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், 1873ல வாஷிங்டன்ல காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மெம்பர். ஸ்கூல் பக்கம் பெருசா போனதில்லையாம். யாராவது தூக்கிவிட்டாங்களா?

மலர்விழி: தூக்கிவிட்டதுன்னா ஓட்டுதாங்க. 1867ல தெற்குல கறுப்பின ஆம்பளைங்களுக்கு ஓட்டு வந்துச்சு, அந்த ஏரியால அவங்கதான் மெஜாரிட்டி. ஜஸ்டிஸ் பதவி மட்டும் ராணுவ கவர்னர் ஏம்ஸ் போட்டது, சின்னச் சின்ன வழக்கு விசாரிக்கிற வேலை. படிப்பு விஷயம் செம, போட்டோ ஸ்டுடியோல வேலை பாத்தாரு, சந்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பசங்க ஸ்கூல், ஜன்னல் வழியா பாடம் கேட்டுக் கேட்டே நெறைய கத்துக்கிட்டாரு. 1872ல மாநில சட்டசபைக்கு ஸ்பீக்கர், வயசு 24!!

செல்வா77: காங்கிரஸ்ல சிவில் ரைட்ஸ் மசோதாவுக்கு (ரயில், ஹோட்டல் மாதிரி பொது இடங்கள்ல கறுப்பினத்தவருக்கும் சம உரிமை) ஆதரவாப் பேசினத தேடிப் படிங்க. சட்டம் போடுற எம்.பி., ஆனா வாஷிங்டனுக்கு ரயில்ல போறப்ப குடிகாரனும் சூதாடியும் உக்காந்திருக்கிற புகை பெட்டிக்குள்ள தள்ளிவிடுறாங்கன்னு சபையிலயே சொன்னாரு. 1875ல சட்டம் பாஸ் ஆச்சு, 1883ல சுப்ரீம் கோர்ட் அதோட முக்கியமான பகுதிய செல்லாதுன்னுடுச்சு.

வரலாறுபித்தன்: அப்புறம் ஏன் தோத்தாரு? மெஜாரிட்டி இருந்துச்சே

கரிசல்காரன்: தோத்தாரா, தோக்கடிச்சாங்களா? எதிர்த்தரப்பு ஜனநாயகக் கட்சிக்காரங்க மிசிசிப்பி ஆத்தோரமா நூல் புடிச்ச மாதிரி ஒரு தொகுதி வெட்டி, மத்த தொகுதியெல்லாம் தங்களுக்கு வரட்டும்னு கறுப்பின ஓட்ட அதுக்குள்ள அடைச்சாங்க, பேரே ஷூஸ்ட்ரிங் (ஷூ லேஸ்) தொகுதி. அதுலயும் 1880ல ஆயிரக்கணக்குல ஓட்ட தூக்கிப் போட்டுட்டு சால்மர்ஸ் ஜெயிச்சதா அறிவிச்சாங்க (அந்தாளு உள்நாட்டுப் போர்ல அடிமை முறைக்காகப் போராடின தெற்குப் படையோட ஜெனரல்). ஒரு கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) சொன்ன காரணத்த கேளுங்க, பிரிண்டர் அடிச்ச வாக்குச்சீட்டுல சின்ன டேஷ் கோடு இருக்காம், அது அடையாளக் குறியாம், செல்லாதாம்!! லிஞ்ச் விடல, சபையில முறையிட்டு 1882 ஏப்ரல்ல சீட்ட வாங்கிட்டாரு, ஆனா மிச்சம் ஒரு வருஷம்கூட இல்ல.

மலர்விழி: 1884 சிகாகோ மாநாட்ட விட்டுட்டீங்களே. குடியரசுக் கட்சி தேசிய மாநாட்டுக்குத் தற்காலிகத் தலைவர் ஆன முதல் கறுப்பினத்தவர் இவர்தான், ஆதரிச்சுப் பேசினது அப்ப இளவட்டமா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் (பின்னாடி ஜனாதிபதி ஆனவர்). பின்னாடி ராணுவத்துல சம்பளப் பட்டுவாடா ஆபீசர், சிகாகோல வக்கீல், 1939ல 92 வயசுல செத்தாரு.