வதைபட்டவரை வணங்கிக்கொண்டே வதையை ஆதரிப்பது எப்படி?

தொண்டிவாசி (கேள்வி):
எங்கள் கத்தோலிக்கப் பங்கிலிருந்து (எங்கள் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்களிலிருந்து) ஆண்டுதோறும் ஓரியூருக்கு நடந்து செல்கிறோம். 1693-இல் சேதுபதியின் ஆணையால் அங்கே தலை வெட்டப்பட்ட போர்ச்சுகீசிய இயேசு சபைத் துறவி அருளானந்தர், அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே மறவ நாட்டில் பிடிபட்டுக் கொடுமையாக வதைக்கப்பட்டவர். அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததென்று சொல்லி அந்த மண்ணை எடுத்துவந்து வீட்டில் வைத்திருக்கிறோம். இம்முறை திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் நின்றபோது, திருட்டு வழக்கில் பிடிபட்ட ஓர் இளைஞன் கையில் மாவுக்கட்டுடன் இருக்கும் படம் கைப்பேசியில் வந்தது. காவலில் விழும் அடிக்குச் சொல்லப்படும் சாக்கையே சொல்லி, “பாத்ரூமில் வழுக்கி விழுந்திருப்பான்” என்று சிரித்தவர்கள் அனைவரும் என்னுடன் செபமாலை சொல்லி நடந்தவர்களே, நானும் சிரித்தேன். இந்த முரண் எனக்கு மட்டும்தான் உறுத்துகிறதா?

சேதுக்கரையான்:
உங்களுக்கு மட்டுமன்று. பல்லவ மன்னனால் நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) அடைக்கப்பட்டு, கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பரை நினைத்து உருகும் சைவர்களான நாங்கள், சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. அது நடந்ததா இல்லையா என்பது வேறு வழக்கு. நாங்கள் அதை வெற்றியாகக் கேட்கிறோம் என்பதே சிக்கல். அருளானந்தர் இங்கே வதைபட்ட அதே காலத்தில் அவர் பிறந்த போர்ச்சுகல் நாட்டின் அரசு, சமயம் பிறழ்ந்தவரென ஐயப்பட்டோரை வதைத்து விசாரிக்க 1560-இல் கோவாவில் தொடங்கிய சமய விசாரணை மன்றத்தை நடத்திக்கொண்டிருந்தது. அது முற்றாக ஒழிந்தது 1812-இல்தான். அமெரிக்காவில் 2009-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, பயங்கரவாத ஐயத்துக்கு உள்ளானவர்களை வதைப்பது அடிக்கடியோ சில வேளைகளிலோ நியாயம்தான் என்று வாரந்தோறும் வழிபாட்டுக்குச் செல்வோரில் 54 விழுக்காட்டினர் கூறினர். அரிதாகச் செல்வோரும் செல்லாதோரும் சேர்ந்த பிரிவில் அது 42.

கீழக்கரை வழக்கறிஞர்:
சமயத்தைச் சற்று ஒதுக்கிவைத்து அந்த மாவுக்கட்டைப் பார்ப்போம். காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டிலிருந்தே சாட்சியச் சட்டம். புதிய சட்டத்திலும் அது மாறவில்லை. ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொண்டு மீட்கப்பட்ட நகை செல்லும், அது எங்கே இருக்கிறதென்று அவன் சொன்ன பகுதியும் செல்லும். அடிக்கான பயன் இந்த விலக்கில்தான் இருக்கிறது. காவலில் உயிர் போனால் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை உண்டு; கை முறிவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய தடுப்பு மசோதாவும் சட்டமாகாமல் காலாவதியானது.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து:
ஐயா, சட்டம் இருந்தால் மட்டும் போதாது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் அரசியலமைப்பைக் கொண்ட இலங்கை, 1994-இலேயே சித்திரவதைக்கு எதிரான சட்டத்தை இயற்றிவிட்டது. அதற்குப் பின் கடல் கடந்து வந்தவர்களின் முதுகுத் தழும்புகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அக்கரையில் நம் மீனவரை அடித்தால் இங்கே படகுகளை நிறுத்திப் போராடுகிறோம், அது சரியே. தொண்டிவாசி அண்ணன் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அந்தப் பையனை யாராவது போய்ப் பார்த்தீர்களா?

தொண்டிவாசி:
இல்லை, தங்கச்சி. அவன் வீடு எங்கள் பங்குக்குள்தான் இருக்கிறது.