அக்ரிங்டன் ஸ்டான்லி தானாகவா வெளியே போனது?

மூன்றாம் டிவிஷன்:
இந்தக் கால்பந்து மன்றத்தின் பக்கத்துத் திரியில் இங்கிலாந்தின் அக்ரிங்டன் ஊர்க் கிளப்பைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார்: "1888இல் ஃபுட்பால் லீக்கைத் தொடங்கிய 12 கிளப்களில் ஒன்று அக்ரிங்டன் ஸ்டான்லி. கடன் தாங்காமல் 1962இல் தானாக விலகிக்கொண்டது." ஒரே மூச்சில் இரண்டு தப்பு. 1888இல் இருந்தது அக்ரிங்டன் என்ற வேறு கிளப். அது 1893இல் டெஸ்ட் மேட்ச்சில், அதாவது முதல் டிவிஷனில் யார் இருப்பது என்று தீர்மானிக்கும் கால்பந்து ஆட்டத்தில், ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் தோற்றது, இரண்டாம் டிவிஷனில் ஆட மாட்டோம் என்று லீக்கை விட்டுப் போனது, 1896இல் மூடப்பட்டது. ஸ்டான்லி 1891இல் தொடங்கிய கிளப், லீக்குக்குள் நுழைந்ததே 1921இல்தான். சரி, இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் "தானாக விலகிக்கொண்டது" என்று போகிறபோக்கில் எழுதுவதைப் படித்தால் வயிறு எரிகிறது. 1962 மார்ச்சில் விலகல் கடிதம் அனுப்பினார்கள், உண்மை. சில நாட்களிலேயே பணம் போட ஆள் கிடைத்து, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று சொன்னார்களே, அது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை? லீக் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் முடியாது என்றுவிட்டார். கதவைச் சாத்தியது அவர்.

கணக்கர்:
ஆரம்பித்துவிட்டீர்களா மறுபடியும். கடிதம் போட்டது யார்? கிளப். கையெழுத்து யாருடையது? கிளப்புடையது. அப்புறம் ஹார்டேக்கர் எங்கே வந்தார்? சுமார் 60,000 பவுண்டு கடன், அன்றைய காசில். 1958இல் ஆல்டர்ஷாட்டிலிருந்து ராணுவ அணிவகுப்பு பார்க்கக் கட்டிய ஒரு ஸ்டாண்டைப் பிரித்து வாங்கிவந்து ஸ்டான்லியின் மைதானமான பீல் பார்க்கில் நிறுத்தினார்கள். வாங்கிய விலையைவிட அதைக் கொண்டுவந்து நிறுத்திய செலவு பல மடங்கு. அதில் உட்கார்ந்தால் ஆட்டமும் ஒழுங்காகத் தெரியாது. இப்படிக் காசைக் கரைத்தவர்களுக்கு ஹார்டேக்கர் வேறு பலியாடு வேண்டுமா?

மூன்றாம் டிவிஷன்:
ஸ்டாண்டைப் பற்றி நான் கேட்கவில்லை. கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். திரும்பப் பெறுகிறோம் என்று சொன்னார்களா இல்லையா?

கணக்கர்:
சொன்னார்கள். அதற்குள் லீக் முதல் கடிதத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. மார்ச் 2ஆம் தேதி க்ரூ அலெக்ஸாண்ட்ராவிடம் 4-0 என்று தோற்ற அணி அது. அடுத்த மேட்ச்சுக்குக் கையில் காசில்லை என்ற நிலையில்தான் எழுதினார்கள், விளையாட்டுக்கு எழுதவில்லையே.

மூன்றாம் டிவிஷன்:
எழுதச் சொன்னது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பர்ன்லி தலைவர் பாப் லார்ட். பக்கத்து ஊர் பெரிய கிளப்பின் முதலாளியை ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு விலகிவிடுங்கள் என்றார். பக்கத்து ஊர்க்காரன் நம் வீட்டை விற்கச் சொன்னால் ஏன் சொல்கிறான் என்று யோசிக்க வேண்டாமா?

டர்ஃப் மூர் வாசி:
இதற்காகத்தான் காத்திருந்தேன். எந்த விஷயமானாலும் கடைசியில் பழி பர்ன்லி மேல். ஐயா, 1960இல் முதல் டிவிஷன் சாம்பியன், 1962இல் லீக்கிலும் எஃப்.ஏ. கோப்பையிலும் இரண்டாமிடம். அப்படிப்பட்ட கிளப்புக்கு நான்காம் டிவிஷனின் அடியில் கிடந்த ஸ்டான்லியை ஒழித்து என்ன ஆகப்போகிறது? லார்ட் இறைச்சிக் கடை வைத்து முன்னுக்கு வந்த மனிதர், கணக்கு பார்க்கத் தெரிந்தவர். கணக்கைப் பார்த்தார், தேறாது என்றார்.

மூன்றாம் டிவிஷன்:
தேறாது என்று சொன்ன சில நாளில் பணம் எங்கிருந்து வந்தது? அவர் பார்த்த கணக்கு சரியென்றால் கடிதத்தைத் திரும்பக் கேட்கும் தைரியம் கிளப்புக்கு எப்படி வந்தது?

டர்ஃப் மூர் வாசி:
வாக்குறுதி வந்தது. வாக்குறுதியை வைத்து ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. போன வருடம் நான் பிளாக்பர்ன் பற்றி எழுதியபோதும் இப்படித்தான் குறுக்கே விழுந்தீர்கள், மறக்கவில்லை.

மேனர் கிரவுண்ட்:
ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் ரசிகன் நான். இந்தத் திரியில் எங்களை இன்னும் யாரும் இழுக்கவில்லை, ஆனால் இழுப்பீர்கள் என்று தெரியும். "ஸ்டான்லியின் இடத்தை ஆக்ஸ்ஃபோர்டு பறித்தது, 2006இல் ஸ்டான்லி வந்து பழிதீர்த்தது" என்ற கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 1961, 1962 இரண்டு வருடமும், ஃபுட்பால் லீக்குக்கு வெளியே இருந்த சதர்ன் லீக்கின் சாம்பியன் நாங்கள். ஸ்டான்லி போய்க் காலியான இடத்துக்கு எங்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் லீக்கிலிருந்து கீழே போனது நாங்களும் ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸும், மேலே வந்தது ஸ்டான்லியும் ஹெரிஃபோர்டும். எங்கள் இடத்தில் ஹெரிஃபோர்டு வந்தது என்றும் சொல்லலாமே, அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

மழை கோலி:
ஏனென்றால் ஹெரிஃபோர்டுக்குப் பால் விளம்பரம் இல்லை. 1989 விளம்பரத்தில், பால் குடிக்காவிட்டால் அக்ரிங்டன் ஸ்டான்லிக்குத்தான் ஆட முடியும் என்று லிவர்பூல் நட்சத்திரம் இயன் ரஷ் சொன்னதாக ஒரு பையன் சொல்வான். "அது யாரு?" என்று இன்னொருவன் கேட்பான். இங்கிலாந்தில் பாதிப் பேருக்கு அந்தக் கிளப்பைத் தெரிந்ததே அதனால்தான்.

மூன்றாம் டிவிஷன்:
விளம்பரத்தைச் சொல்லிச் சிரிப்பவர்களுக்கு வால்டர் கால்பிரெய்த் என்ற பெயர் தெரியுமா? 1950களில் ஸ்காட்லாந்திலிருந்தே ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து, களத்தில் இறங்கிய 11 பேரும் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்ற அளவுக்கு அணி கட்டிய மேனேஜர். 1955இல் மூன்றாம் டிவிஷனின் வடக்குப் பிரிவில் இரண்டாமிடம், 1958இலும் இரண்டாமிடம். அன்று முதலிடத்துக்கு மட்டும்தான் மேலே போக வழி. அடுத்த இடங்களில் வருபவர்களுக்கும் மேலே போக வாய்ப்புத் தரும் இன்றைய பிளே ஆஃப் அன்று இருந்திருந்தால் 1962 வந்தே இருக்காது. அந்தக் கிளப்பை, பருவம் பாதிக்கு மேல் முடிந்த நிலையில், ஆடிய ஆட்டங்களின் முடிவுகளையெல்லாம் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு வெளியே தள்ளினார்கள். இரண்டாவது கடிதத்தை ஒரு வாரம் மேசையில் வைத்திருந்து யோசிக்கக்கூட ஹார்டேக்கருக்கு மனம் வரவில்லை. கேள்வி இதுதான், இதற்குப் பதில் வரவில்லை.

கணக்கர்:
பதில் நாலு தடவை வந்துவிட்டது, உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பாதிப் பருவத்தில் நிறுத்தினால் முடிவுகளை அழிப்பது வழக்கம், ஸ்டான்லிக்கென்று புதிதாகச் செய்யவில்லை. அப்புறம் ஒன்று. கடன் கொல்லவில்லை என்றால், லங்காஷைர் காம்பினேஷன் என்ற வட்டார லீக்கில் போய் ஆடிய அதே கிளப் 1966இல் ஏன் மூடப்பட்டது? அங்கே ஹார்டேக்கர் இல்லையே.

மூன்றாம் டிவிஷன்:
லீக்கை விட்டுத் துரத்திய பிறகு யார் டிக்கெட் வாங்கி வருவார்கள்? வருமானத்தை வெட்டிவிட்டுக் கடனில் செத்தான் என்கிறீர்கள்.

கணக்கர்:
இன்னொன்றும் சொல்கிறேன். இப்போதைய கிளப் 1968இல் புதிதாகத் தொடங்கியது. மைதானம் கிரவுன் கிரவுண்ட், பீல் பார்க் கூட இல்லை. 1888ஐ ஸ்டான்லி கணக்கில் சேர்க்கக் கூடாது என்று முதல் பதிவில் குதித்தீர்கள். அதே அளவுகோலால் பார்த்தால் 1962உம் இப்போதைய கிளப்பின் கணக்கில் வராது. "திரும்பி வந்தது" என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்?

மூன்றாம் டிவிஷன்:
1888 கிளப்பும் ஸ்டான்லியும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் தனித்தனியாக ஆடியவை. 1966இல் மூடியதை 1968இல் கூட்டம் போட்டு அதே பெயரில் எழுப்பியது அந்த ஊர் மக்கள். இரண்டும் ஒன்றா? மேனேஜர் ஜான் கோல்மன் 1999இல் வந்து பகுதிநேர ஆட்டக்காரர்களை வைத்துப் படிப்படியாக ஏறி 2006இல் ஃபுட்பால் லீக்குக்கு அடுத்த கீழ்ப்படியான கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கினார், 2018இல் நான்காம் படியான லீக் டூவில் சாம்பியன். சுமார் 35,000 பேர் இருக்கும் ஊர் அது. அந்த ஊரில் போய் நீங்கள் வேறு கிளப் என்று சொல்லிப் பாருங்கள்.

மேனர் கிரவுண்ட்:
அப்படியானால் ஹெடிங்டன் யுனைடெட் என்ற பெயரை 1960இல் மாற்றிக்கொண்ட நாங்களும் ஒரே கிளப்தானே? அதைப் போன மாதம் மறுத்தது நீங்கள்தான்.

மூன்றாம் டிவிஷன்:
பேச்சை மாற்றாதீர்கள். இரண்டாவது கடிதத்தை ஏற்க விதியில் என்ன தடை இருந்தது? ஒருவர் விதி எண்ணைக் காட்டுங்கள்.

டர்ஃப் மூர் வாசி:
ஏற்றே ஆக வேண்டும் என்று எந்த விதி இருந்தது? முதலில் அதை நீங்கள் காட்டுங்கள். லார்ட் பற்றி எழுதியதையும் எடுங்கள்.

மூன்றாம் டிவிஷன்:
எடுக்க மாட்டேன்.