கட்டாயக் கருத்தரங்கு: புரியாத பேச்சில் எதற்கு உட்கார வேண்டும்?

கிள்ளான் கணிதன்

கோலாலம்பூரில் கணிதத்தில் மாஸ்டர்ஸ் செய்கிறேன், இரண்டாம் பருவம். எங்கள் துறையில் புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஆய்வுக் கருத்தரங்கு. நாங்கள் பருவத்துக்குப் பத்து தடவையாவது வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

போன புதன் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து பேசினார். ஐம்பது நிமிடத்தில் 71 ஸ்லைடு. நான்காவதிலேயே எனக்குப் பிடி நழுவிவிட்டது. வரையறை, துணைத்தேற்றம், மறுபடி வரையறை. கடைசியில் தலைமை தாங்கியவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். கைதட்டினோம், கறிபாப் சாப்பிட்டோம், கலைந்தோம்.

கிள்ளானிலிருந்து கேடிஎம் ரயிலில் வந்து திரும்புவதற்கே அன்று மூன்று மணி நேரம் போனது. அந்த நேரத்தில் என் சூப்பர்வைசர் கொடுத்த கட்டுரையில் இரண்டு பக்கம் ஒழுங்காகப் படித்திருப்பேன். கட்டாயத்தை எடுத்துவிட வேண்டும், விருப்பம் உள்ளவர் வரட்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மின்டன் வாத்தியார்

தம்பி, பினாங்கில் முப்பது வருடம் இந்தக் கருத்தரங்குகளில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். கட்டாயம் இருக்கட்டும் என்பேன். முதல் வருடம் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது, யார் எதைக் கேட்டுக் கவலைப்படுகிறார்கள் என்பது காதில் தங்கியது. இரண்டு வருடம் கழித்து ஒரு கட்டுரையில் முட்டி நின்றபோது, "இதை யாரோ பலகையில் எழுதினாரே" என்று ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம்தான் என் ஆய்வுக்கு வழி காட்டியது.

நீ சொல்லும் "படித்துக்கொள்வேன்" என்பதற்கு ஒரு பதில் உண்டு. ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் எந்த மதிப்பையும் இரண்டு இடத்தில் எடுக்காத சார்புகளைப் பற்றி பீபர்பாக் என்ற கணிதர் 1916இல் ஓர் ஊகம் சொன்னார். அப்படிப்பட்ட சார்பை z, z², z³ என்று தொடராக எழுதும்போது z-இன் கெழு, அதாவது முதல் கெழு, 1 என்றால், ஐந்தாவதின் அளவு 5ஐத் தாண்டாது, நூறாவதின் அளவு 100ஐத் தாண்டாது, எல்லாக் கெழுக்களுக்கும் அப்படியே. 1984இல் லூயி தெ பிராஞ்ச் இதை நிரூபித்துவிட்டேன் என்றார். அவர் முன்பு அறிவித்த சில முடிவுகள் பிழையாகிப் போயிருந்ததால், அந்த நீண்ட கையெழுத்துப் பிரதியை உட்கார்ந்து படிக்கப் பலர் தயாராக இல்லை. லெனின்கிராடுக்குப் போனார். அங்கே இதே துறையில் ஊறிய ஒரு கருத்தரங்கு, அமர்வு அமர்வாக அவரைப் பேசவைத்துச் சரிபார்த்தது. நிரூபணம் நின்றது.

பினாங்கில் உள்ள எங்கள் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்மில் இந்தச் சார்புகளில் வேலை செய்பவர்கள் நீண்ட காலமாக இருக்கிறார்கள். அதனால் இந்தக் கதையை நான் பாடமாகவே கேட்டு வளர்ந்தேன். படிக்க ஆள் கிடைக்காத நிரூபணத்தைக் காப்பாற்றியது ஒரு கருத்தரங்கு, தம்பி.

எப்சிலான்

வாத்தியார் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். லெனின்கிராடில் உட்கார்ந்தவர்கள் அந்தக் கணக்கோடு வாழ்நாளைக் கழித்தவர்கள். வருகைப் பதிவுக்காக வந்தவர்கள் இல்லை. அது கணிதன் சொல்வதற்குத்தான் சாட்சி.

என் பக்கத்துக்கு ஆண்ட்ரூ வைல்ஸ். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவிப்பதற்கு முன், பிரின்ஸ்டனில் அந்த வேலையை ஒரு வகுப்பாக நடத்தினார். எதற்காக இந்தக் கணக்குகள் என்று மாணவர்களிடம் சொல்லவில்லை. ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் விஷயம் தெரிந்த சக பேராசிரியர் நிக் காட்ஸ் மட்டும் மிஞ்சினார். அவ்வளவு கவனமாகக் கேட்ட காட்ஸுக்கும் நிரூபணத்தில் இருந்த ஓட்டை அப்போது கண்ணில் படவில்லை. பிறகு கட்டுரையை வரி வரியாகப் படித்தபோதுதான் பட்டது. அதைச் சரிசெய்ய 1994 செப்டம்பர் ஆனது.

காதால் கேட்டு நிரூபணத்தைப் பிடிக்க முடியாது. நான் பிஎச்டி நான்காம் வருடம், முப்பதுக்கு மேல் பேச்சு கேட்டுவிட்டேன். எனக்கு உபயோகப்பட்டது மூன்று. மூன்றும் நானாகத் தேடிப் போனவை.

பட்டர்வொர்த் டீச்சர்

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஆய்வாளர் இல்லை. ஆனாலும் பொதுமக்களுக்கான கணிதப் பேச்சு என்றால் பாலம் தாண்டிப் போய்க் கேட்பேன், பிடிக்கும். என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் ஒரு கதை இங்கே பொருந்தும்.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் பலகைக்குப் போனார். 2ஐ 67 தடவை பெருக்கி 1 கழித்தால் வரும் எண்ணை எழுதினார்: 147573952589676412927. அது பகா எண் இல்லை என்று 1876இலேயே லூகா காட்டியிருந்தார், காரணிகள் மட்டும் தெரியாது. கோல் பக்கத்தில் 193707721 × 761838257287 என்று எழுதிக் கையால் பெருக்கினார். இரண்டும் ஒன்றாக வந்தன. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கமே கைதட்டியது என்று சொல்வார்கள்.

பிள்ளைகள் இரண்டு பாடவேளை எடுத்துக்கொண்டு இதைப் பெருக்கிப் பார்ப்பார்கள். விடை வந்ததும் வகுப்பில் எழும் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும். கட்டாயமா இல்லையா என்பது அப்புறம். பேசுகிறவர், கேட்கிறவர் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றைக் கொடுத்தாரா? 71 ஸ்லைடில் ஓர் எண், ஓர் எடுத்துக்காட்டு இருந்ததா தம்பி?

கிள்ளான் கணிதன்

இல்லை டீச்சர், ஒன்றுகூட இல்லை. ஆனால் எல்லா முடிவையும் பெருக்கிக் காட்ட முடியாதே. என் சூப்பர்வைசரின் துறையில் மிகச் சிறிய எடுத்துக்காட்டை எழுதவே அரை மணி நேரம் ஆகும்.

மின்டன் வாத்தியார்

அந்த அரை மணி நேரத்தை அதற்கே கொடுக்கட்டும். மீதியைக் கட்டுரையில் படித்துக்கொள்ளலாம். பேச்சாளருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, 71 ஸ்லைடு அநியாயம்தான். வெண்கட்டியும் பலகையும் என்றால் கை எழுதும் வேகத்துக்குத்தான் பேச முடியும்.

ஆனால் நிறுத்தச் சொல்வது கேட்பவர் வேலை. மாஸ்கோவில் கெல்ஃபாண்ட் என்ற கணிதர் 1943இல் தொடங்கிய திங்கட்கிழமைக் கருத்தரங்கு பல பத்தாண்டு நடந்தது. பேச்சாளரை அவர் நடுவிலேயே நிறுத்துவார். மாணவன் ஒருவனை எழுப்பி, இதுவரை என்ன சொன்னார் என்று கேட்பார். அவனுக்குப் புரியவில்லை என்றால் மறுபடி விளக்க வேண்டும். நீ ஏன் கையைத் தூக்கவில்லை?

கிள்ளான் கணிதன்

தூக்கினேன் ஐயா. போன பருவம். ஒரு குறியீடு என்னவென்று கேட்டேன். "அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்" என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும், இனி இந்த மாதிரிக் கேள்விகளைத் தனியாகக் கேள் என்று துறையில் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு நான் கை தூக்கவில்லை. கெல்ஃபாண்ட் மாணவனை எழுப்பியபோது அவனுக்குத் துணையாக நின்றது கெல்ஃபாண்ட். எங்கள் அறையில் அப்படி யாரும் இல்லை.

பட்டர்வொர்த் டீச்சர்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. மொழியும் இதில் சேரும் என்று நினைக்கிறேன். 2003இல் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது முதலாம் ஆண்டு எடுத்தேன். சில வருடத்தில் மறுபடி மாறியது. அன்றைய பிள்ளைகள்தான் இன்று பிஎச்டி செய்யும் வயதில் இருக்கிறார்கள். கேள்வி மனதில் ஒரு மொழியில் வந்து, வாயில் இன்னொரு மொழியில் வருவதற்குள் பேச்சாளர் மூன்று ஸ்லைடு தாண்டியிருப்பார்.

மின்டன் வாத்தியார்

தம்பி, உன்னிடம் அப்படிச் சொன்னது தவறு. முப்பது வருடத்தில் நானும் தலைமை தாங்கியிருக்கிறேன். முதல் கேள்வி மாணவரிடமிருந்துதான் என்று ஒரு நாளும் விதி வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் கட்டாயத்தை எடுக்க ஒப்பமாட்டேன். எடுத்தால் அடுத்த பருவம் நாலு பேர் வருவார்கள், அதற்கடுத்து கருத்தரங்கே நிற்கும். நின்றுபோனதைத் திரும்ப ஆரம்பிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

எப்சிலான்

நாலு பேர் வந்தால் அந்த நாலு பேருக்காகப் பேசுவார்கள் ஐயா, பலகையில் எழுதிப் பேசுவார்கள். எனக்கு அதுவே போதும். பத்து என்பதை ஐந்தாக்கச் சொல்லி எங்கள் துறை மாணவர்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பேச்சுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பக்க அறிமுகம் தர வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம்.

மின்டன் வாத்தியார்

ஒரு பக்க அறிமுகத்துக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். ஐந்துக்குப் போடமாட்டேன். தம்பி, வருகிற புதன் என்ன தலைப்பு?

கிள்ளான் கணிதன்

கிராஃப்களுக்கு நிறம் தீட்டுவது பற்றி ஐயா. சுருக்கம் ஆறு வரி, அதில் மூன்று சொல் எனக்குத் தெரியாது.

மின்டன் வாத்தியார்

அந்த மூன்றையும் இங்கே போடு. செவ்வாய் இரவுக்குள் எழுதி வைக்கிறேன்.