சலவை இயந்திர மோட்டார், மிக்ஸி மோட்டார், கட்டில் சட்டம்: இவற்றைக் கொண்டு சிறு பட்டறைக் கருவிகள் செய்ய முடியுமா?

சுருள்கம்பி (கேள்வி):

பழுதாகிக் கிடந்த அரைத்தானியங்கிச் சலவை இயந்திரம் ஒன்றைப் பிரித்ததில், துவைக்கும் தொட்டிக்கு ஒன்றும் பிழியும் தொட்டிக்கு ஒன்றுமாக இரண்டு மோட்டார்கள் கிடைத்துள்ளன. இரண்டிலிருந்தும் மும்மூன்று வயர்கள் வருகின்றன. நிறத்தை வைத்து எது எதற்கு என்று தெரிந்துகொள்ள முடியவில்லை. இவை தவிர ஒரு மிக்ஸியின் மோட்டார், இரும்புக் கட்டிலின் ஆங்கிள் சட்டங்கள், பழைய அச்சுப்பொறியிலிருந்து கழற்றிய 8 மி.மீ. எஃகுக் கம்பிகள் இரண்டு ஆகியவை கைவசம் இருக்கின்றன. வெல்டிங் வசதி இல்லை.

என் திட்டம் இதுதான்: வேகம் மிகுந்தது என்பதால் மிக்ஸி மோட்டாரின் ஷாஃப்டில் 150 மி.மீ. சாணைக்கல்லை நேரடியாகப் பொருத்துவது. துவைக்கும் மோட்டாரில் உப்புத்தாள் ஒட்டிய வட்டைப் பூட்டி மரம் தேய்ப்பதற்குப் பயன்படுத்துவது. பிழியும் மோட்டாரையும் அச்சுப்பொறிக் கம்பிகளையும் சேர்த்து நிலைத் துளையிடும் எந்திரம் ஒன்று அமைப்பது. இதில் எங்கே தவறு நேரக்கூடும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மரத்தூள்:

முதல் திட்டத்தை இப்போதே கைவிடுங்கள். உங்கள் கேள்வியில் உயிருக்கு ஆபத்தான பகுதி அதுதான். சாதாரண 150 மி.மீ. சாணைக்கல்லின் விளிம்பு வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,450 சுற்றுகள். மிக்ஸி மோட்டார் 18,000 சுற்றுகள் ஓடுவதாக வைத்துக்கொண்டால் விளிம்பு விநாடிக்கு 141 மீட்டர் வேகத்தில் போகும். வேகம் நான்கு மடங்கானால் கல்லைப் பிய்த்தெறியும் விசை பதினாறு மடங்காகும் என்பதால், அந்தக் கல் சிதறுமா என்பதை விட எப்போது சிதறும் என்பதே கேள்வி. மேலும் கார்பன் பிரஷ் உள்ள இவ்வகை மோட்டாருக்கு நிலையான வேகம் கிடையாது. சுமை குறையக் குறைய வேகம் ஏறிக்கொண்டே போகும். சில நிமிடங்கள் ஓடி ஓய்வெடுப்பதற்காகவே செய்யப்பட்டது என்பதால் நீண்ட நேர வேலைக்கும் அது ஆகாது.

இவ்வகை அரைத்தானியங்கிச் சலவை இயந்திர மோட்டார்கள் வேறு இனம். அவற்றில் பிரஷ் இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு காந்தத் துருவங்கள் கொண்ட மோட்டாரின் காந்தப்புலம் 1,500 சுற்றுகள் சுழல, ஷாஃப்ட் சற்றுப் பின்தங்கி 1,400 சுற்றுகளை ஒட்டி ஓடும். அந்த வேகத்தில் அதே 150 மி.மீ. கல்லின் விளிம்பு விநாடிக்கு 11 மீட்டர் வேகத்தில்தான் நகரும். மெதுவானதுதான், ஆனால் உளி தீட்டுபவருக்கு அது குறையே அல்ல. வேகமான சாணையில் ஒரு கணம் அயர்ந்தால் முனை சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் சாதாரணக் கார்பன் எஃகின் கடினம் போய்விடும். இந்த மோட்டாரின் வலு குறைவு என்பதால் அழுத்தாமல் தீட்ட வேண்டும்.

மூன்று வயர்களைப் பிரித்தறிய மல்டிமீட்டர் போதும். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று அளவுகள் எடுங்கள். எந்த இரண்டுக்கு நடுவே மின்தடை மிகுதியோ அவை இரண்டும் வைண்டிங்குகளின் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களின்) முனைகள். எஞ்சியது பொது வயர். பொது வயரிலிருந்து இரண்டு முனைகளுக்கும் ஒரே அளவு வந்தால் அது துவைக்கும் மோட்டார்: இரு திசையிலும் சுழல வேண்டியிருப்பதால் அதன் இரண்டு வைண்டிங்குகளும் சமமானவை. அளவுகள் வேறுபட்டால் பிழியும் மோட்டார். அதில் தடை குறைந்தது முதன்மை வைண்டிங். மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டரை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே இணைத்து, பொது வயருக்கும் ஒரு முனைக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். துவைக்கும் மோட்டாரில் மின்சாரத்தை மறுமுனைக்கு மாற்றினால் சுழலும் திசை மாறும். பிழியும் மோட்டாருக்கு முதன்மை வைண்டிங்கின் முனையில் மட்டும் கொடுங்கள். இயந்திரத்தோடு வந்த கெப்பாசிட்டரையே பயன்படுத்தலாம். தொடும் முன் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை அதன் முனைகளில் சில விநாடிகள் வைத்து மின்னேற்றத்தை இறக்கிவிடுங்கள்.

இரும்புத்துண்டு:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். இத்தகைய மோட்டார்கள் சிலவற்றில் பால் பேரிங் இருக்காது, எண்ணெய் ஊறிய புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையம்) மட்டுமே இருக்கும். ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் சாணைக்கல்லுக்கு அதை நம்ப வேண்டாம். அப்போது கல்லைத் தனி ஷாஃப்டில், இரண்டு புதிய பேரிங்குகளுக்கு நடுவே அமைத்து, பெல்ட் மூலம் ஓட்டுவதே முறை. பேரிங் எண்ணைப் படிப்பது எளிது: 6202 என்றால் உள்விட்டம் 15 மி.மீ., 6203 என்றால் 17 மி.மீ.; 04 முதல் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் விட்டம் கிடைக்கும். பழைய பேரிங்கைக் கழுவி எண்ணெய் போட்டுப் பயன்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சட்டமும் மேசையும் எவ்வளவு பழையதாகவும் இருக்கட்டும். பேரிங், சாணைக்கல், சுவிட்ச் மூன்றையும் புதிதாக வாங்குங்கள்.

கல்லை மாட்டும் முன் துளையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறது. இருபுறமும் கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது அகலமான தட்டுகளும் அவற்றுக்கு உள்ளே காகித வட்டங்களும் வேண்டும். துவைக்கும் மோட்டாரில் கல்லைப் பூட்டினால் திசை மாற்றும் இணைப்பை நீக்கிவிடுங்கள். எதிர்த்திசையில் சுழன்றால் நட்டு தானே கழன்றுவிடும்.

சுவிட்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போய்த் திரும்பும்போது எந்திரம் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் அந்தப் பாதுகாப்பைத் தராது. மின்சாரம் நின்றதும் தானே விடுபட்டு, மறுபடி அழுத்தினால்தான் இயங்கும் வகையை வாங்க வேண்டும். சலவை இயந்திரத்தின் உடல் பிளாஸ்டிக்கானது, உங்கள் சட்டமோ இரும்பு. எனவே மோட்டாரின் உடலையும் சட்டத்தையும் எர்த்தோடு இணைக்க மறவாதீர்கள்.

துருப்பிடித்த ஆணி:

துளையிடும் எந்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 8 மி.மீ. கம்பி அச்சுப்பொறியின் மைத் தலையை நகர்த்தப் போதும். துளையிடும் அழுத்தத்தில் அது வில்லாக வளையும். மோட்டார் சைக்கிளின் முன்புற ஃபோர்க் குழாய் கிடைத்தால் அதைத் தூணாகப் பயன்படுத்தலாம். குரோமியம் பூசி நுண்ணியதாகச் சாணை பிடித்த குழாய் அது. கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பாருங்கள். விபத்தில் வளைந்திருந்தால் உடனே தெரியும். வேகத்தையும் கணக்கிடுங்கள்: 10 மி.மீ. துளைக்கு மென்னிரும்பில் ஏறக்குறைய 800 சுற்றுகள் போதும், ஆகவே மோட்டாரில் சிறிய புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) துளையிடும் அச்சில் அதைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு விட்டமுள்ள புல்லியும் வேண்டும். உண்மையைச் சொன்னால், மூன்றில் கடினமானது இதுவே. இதை நான் இரண்டு முறை செய்து இரண்டு முறையும் பிரித்துவிட்டேன்.

வெல்டிங் இல்லாதது குறையல்ல. கட்டில் ஆங்கிளைத் துளையிட்டு போல்ட் போடுங்கள். அதன் கீழே போல்ட்டுகள் பதித்த கான்கிரீட் பலகை ஒன்றை வார்த்துக்கொண்டால் அதிர்வு பெரிதும் அடங்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் பீரங்கிக் குண்டுகளைக் கடைவதற்கு லூசியன் யோமன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கான்கிரீட் உடலில் லேத்துகளையே அமைத்தார். நமக்கு ஒரு பீடம் தாராளம்.

சுருள்கம்பி:

அனைவருக்கும் நன்றி. மிக்ஸி மோட்டாரை ஓரங்கட்டிவிட்டேன். துளையிடும் எந்திரத்தையும் இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். முதல் மோட்டாரில் 34, 34, 68 ஓம் வந்தன. மற்றதில் 42, 71, 113. முதலாவதில் ஆட்டம் இல்லாததால், அதன் புல்லியின் முகத்தில் 18 மி.மீ. பிளைவுட்டை 200 மி.மீ. வட்டமாக வெட்டித் திருகினேன். ஓடுகிறது. ஆனால் நிறுத்தும்போது வேகம் குறைந்து வருகையில் ஓரிடத்தில் சட்டம் முழுவதும் நடுங்கி, பிறகு அடங்குகிறது. உப்புத்தாள் இன்னும் ஒட்டவில்லை.

மரத்தூள்:

வட்டின் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது. அதன் சுழற்சி சட்டத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் தெரிகிறது. முதலில் வட்டின் விளிம்பை அதே மோட்டாரில் ஓடவிட்டு, உறுதியான தாங்கியின்மேல் உளியை வைத்து, மையம் பிசகாத வட்டமாகக் கடைந்து எடுங்கள். கண் கவசம் அணியாமல் இதைச் செய்ய வேண்டாம். அதன் பின்னும் நடுங்கினால் மின்சாரத்தைத் துண்டித்து வட்டைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் கீழே வந்து நிற்கிறது என்று பல முறை பாருங்கள். அந்தப் பக்கத்தின் பின்புறத்தில் ஆழமில்லாத துளைகள் இட்டுக் கனத்தைக் குறையுங்கள். சட்டத்தின் கால்களுக்குக் குறுக்கே சாய்வாக ஓர் ஆங்கிள் துண்டைப் பூட்டுவதும் பயன் தரும்.

மேசையை வட்டிலிருந்து 2 மி.மீ. இடைவெளிக்குள் வைத்து, வட்டு கீழ்நோக்கி இறங்கும் பாதியில் மட்டும் மரத்தைத் தேயுங்கள். ஏறும் பாதியில் வைத்தால் துண்டைத் தூக்கி முகத்தில் எறியும். மோட்டாரின் வைண்டிங் திறந்தபடி இருந்தால் காற்று போகும் வழிவிட்டுத் தூசுத் தடுப்பு ஒன்றும் வேண்டும். உப்புத்தாளைக் கடைசியாக ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு கனம் சரிசெய்ய நேர்ந்தால் தாளைக் கிழித்து வட்டை மறுபடி கழற்ற வேண்டிவரும்.